திறப்பு யார் கையில்?

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



மொழியைப் பற்றிப் பேச வந்தவர் அதன் தொன்மையைப் புகழ்ந்து, கைதட்டலைப் பெற்றுக்கொண்டு வீடு செல்வது எங்கள் மேடைகளின் வழக்கம். இன்று நாம் அதனைச் செய்யப் போவதில்லை. ஒரு கேள்வியை மாத்திரம் உங்கள் முன் வைக்கின்றோம். தமிழ்ப் பாடசாலை இல்லாத ஊரிலே பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தறிவிக்க வேண்டியவர் யார்?

"அரசாங்கம்" என்பீர்கள். சட்டப்படி அது சரியான விடையே. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளுள் யாதேனும் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரித்தினை ஒவ்வொருவருக்கும் வழங்குகின்றது. தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும். ஆட்சித்துறையினர் அவ்வுரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்று 126ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஏட்டிலே குறையில்லை. ஆயினும், காலி, மாத்தறை மாவட்டங்களின் தோட்டப் பகுதிகளிலே, அண்மையில் தமிழ்ப் பாடசாலை இல்லாத ஒரே காரணத்தால் சிங்களத்திற் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் இன்றும் உளர். உறுப்புரையைப் படித்துக் காட்டினால் அந்தப் பிள்ளைக்கு அகரம் வந்துவிடுமா?

பொறுத்திருந்தால் என்ன நேரும் என்பதை அறிய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. புத்தளத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள கரையைப் பாருங்கள். பாட்டனார் தமிழிலே செபஞ் சொன்ன வீடுகள் பலவற்றிலே பேரப்பிள்ளைகள் சிங்களமே பேசுகின்றனர். வாளெடுத்து வந்து எவரும் அவர்களை வெருட்டவில்லை. பாடசாலையின் மொழி மாறிற்று. அதன் பின் அடுப்பங்கரையின் மொழியும் மாறிற்று. அதே கரையில் உள்ள உடப்பிலே தமிழ்ப் பாடசாலையும் திரௌபதையம்மன் கோயிலும் நிலைத்து நின்றன, தமிழும் நின்றது. சிங்களம் கற்பது குறையன்று, கற்கத்தான் வேண்டும். தாய்மொழியைக் கொடுத்துவிட்டு அதற்கு விலையாக அதனைப் பெறுவதே குறை.

இந்த நோய் எங்களுக்கு மட்டும் வந்ததன்று. நியூசிலாந்தின் மாவோரி மக்களின் கதையைக் கேளுங்கள். அங்கே 1867ஆம் ஆண்டின் சட்டம் சுதேச பாடசாலைகளிலே ஆங்கிலத்தைக் கற்பிக்கும் மொழியாக்கிற்று. மாவோரி பேசிய பிள்ளைகள் அடி வாங்கினர். அடி வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் பிள்ளைகள் அடி வாங்கக் கூடாதென்று வீட்டிலும் ஆங்கிலமே பேசினர். இவ்வாறு நூறு ஆண்டு சென்றபோது, தாய்மொழியைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்களாகவே இருந்தனர்.

1972ஆம் ஆண்டிலே 30,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு ஒன்று பாராளுமன்றத்துக்குச் சென்றது. அம்மக்கள் மனுவோடு நின்றுவிடவில்லை. 1982ஆம் ஆண்டிலே, வெலிங்டன் நகருக்கு அருகே, "கோஹங்கா ரேயோ" என்னும் முதலாவது பாலர் நிலையத்தைத் திறந்தனர். மொழிக் கூடு என்பது அதன் பொருள். பறவை குஞ்சை அடைகாப்பதுபோல மொழியைக் காக்கும் கூடு! அங்கே பட்டம் பெற்ற உபாத்தியாயர் முதன்மையானவர் அல்லர். மொழி தெரிந்த பாட்டிமாரே முதன்மையானவர். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் மாவோரி மொழியன்றி வேறு மொழியில்லை. மாவோரி விவகாரத் திணைக்களம் தொடக்கத்திலே உதவியது. ஆயினும் இடந்தேடியும், சமைத்தும், துப்புரவு செய்தும், பணஞ்சேர்த்தும் நாளாந்தப் பாரத்தைச் சுமந்தவை குடும்பங்களே. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் 800க்கும் மேற்பட்ட கூடுகளிலே 14,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர்.

சட்டம் இதன் பின்னாலேயே வந்தது. இதைக் கவனியுங்கள். 1986ஆம் ஆண்டிலே வைட்டாங்கித் தீர்ப்பாயம், 1840ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மாவோரி மொழி அரசு காக்க வேண்டிய திரவியம் என்று அறிக்கை செய்தது. 1987ஆம் ஆண்டிலே அது அரசகரும மொழியாயிற்று. 1985ஆம் ஆண்டிலே பெற்றோர் தாமே தொடங்கிய மாவோரி வழிப் பாடசாலையின் வகையை 1989ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஏற்றுக்கொண்டது. மக்கள் முன்னே நடந்தனர். சட்டம் அவர்கள் அடிச்சுவட்டிலே வந்தது.

கதை அங்கே இனிதாக முடிந்திருந்தால் நாம் மகிழ்ந்திருப்போம். 1990ஆம் ஆண்டிலே கூடுகள் கல்வி அமைச்சின் கீழ்ச் சென்றன. பணம் வந்தது, பணத்தோடு விதிகளும் வந்தன. ஏனைய பாலர் நிலையங்களை அளந்த கோலினாலேயே இவையும் அளக்கப்பட்டன. கூடுகளின் தொகை பின்னர் 500க்கும் கீழே இறங்கிற்று. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும் 2012ஆம் ஆண்டிலே அதே தீர்ப்பாயம், கூடுகள் விடயத்தில் அரசு தன் உடன்படிக்கைக் கடமையிற் தவறியது என்று சொல்ல நேர்ந்தது.

நீதிமன்றம் எப்போதும் துணை நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். பிரான்ஸ் தேசத்துப் பிரெத்தோன் மொழிக்காகப் பெற்றோர் 1977ஆம் ஆண்டிலே "திவான்" பாடசாலைகளைத் தொடங்கினர். 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே அந்நாட்டு அரசியலமைப்புச் சபை, முழுவதும் தாய்மொழியிலே கற்பிக்கும் முறை அரசியலமைப்புக்கு ஒவ்வாது எனத் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் அப்பாடசாலைகள் மூடப்படவில்லை. அவற்றைக் கட்டியவர்கள் பெற்றோர். தீர்ப்பு வந்தவுடன் விட்டுவிட்டு ஓட அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர்.

எங்கள் மண்ணுக்கு வருவோம். 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நாவலர் நிறுவியபோது எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. 1923ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊரூராகப் பாடசாலை கண்டது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவி பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்திடம் சென்றன. சம்பளச் சுமை நீங்கிற்று. அதனோடு "எங்கள் பாடசாலை" என்ற பொறுப்பும் மெல்ல நீங்கி, ஓட்டை மாற்றுவதற்கும் கொழும்பைப் பார்க்கும் வழக்கம் வந்தது.

ஆயினும் பழைய நாட்களை வெறும் பொற்காலமாகப் பேசுவது நேர்மையாகாது. அந்தப் பாடசாலைகளிலே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்தியவரும் நாமே. சம ஆசனம் கேட்டபோது, 1930ஆம் ஆண்டளவிலே, பாடசாலைகளுக்குத் தீ வைத்தவரும் எம்மவரே. சமூகத்தின் கையிலே பாடசாலை இருக்க வேண்டுமென்றால், அந்தச் சமூகம் யார் என்பதற்கு முதலில் நேரான விடை சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தும் தமிழ்ப் பாடசாலை தமிழுக்குப் பாடசாலையன்று.

இனிச் செய்ய வேண்டுவது யாது? தமிழ்ப் பாடசாலை இல்லாத ஊர்களிலே சனி, ஞாயிறு நாட்களிற் தமிழ் வகுப்புத் தொடங்க எண்ணும் பெற்றோருக்கு நாம் துணை நிற்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் தம் விடுமுறைக் காலத்தைப் போலவே வார இறுதியையும் இதற்குத் தாருங்கள். உழவர்கள் போகத்துக்கு ஒரு மூடை நெல்லை ஒதுக்குங்கள். ஆசிரியரின் பஸ் கட்டணமும் பிள்ளைகளின் கொப்பியும் அதிலிருந்து வரும். வைத்தியரும் பொறியியலாளரும் மாத வேதனத்தில் ஒரு பங்கைத் தாருங்கள். ஆனால் நிருவாகம் அந்த ஊர்ப் பெற்றோரிடமே இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்டிவைக்கும் பாடசாலை கொழும்பிலிருந்து ஆட்டிவைக்கும் பாடசாலையிலும் மேலானதன்று. கணக்கு ஊர்ச் சபையிலே வாய்விட்டு வாசிக்கப்படட்டும். சாதி, சமயம் பாராது கதவு திறக்கட்டும்.

சட்டத்தரணிகளாகிய எங்களுக்கும் வேலையுண்டு. அந்த வகுப்பின் வரவு இடாப்பை ஒழுங்காக எழுதச் சொல்வோம். "தமிழிற் கற்க விரும்பும் பிள்ளைகள் இங்கு இல்லை" என்று அதிகாரி கூறும் நாளிலே, பெயரும் வயதும் நாளும் குறித்த அந்த இடாப்பே 21ஆம் உறுப்புரைக்கு உயிர் கொடுக்கும் சாட்சியாகும். அதனைக் கையில் ஏந்தி வழக்காட, கட்டணமின்றி நாம் வருவோம்.

1983ஆம் ஆண்டின் பின் கடல் கடந்த எங்கள் சகோதரர், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாடகை வகுப்பறைகளிலே, வார இறுதியிற் பெற்றோரே ஆசிரியராக நின்று அகரம் கற்பிக்கின்றனர். பனியிலே அவர்கள் செய்வதை ஒருநாட் பஸ் பயணத் தூரத்திலே நாம் செய்ய இயலாதா?

அரசாங்கத்திடம் உரிமையைக் கேட்போம். ஒரு சதமும் விடாமற் கேட்போம். உதவி தந்தால் வாங்குவோம். ஆனால் பாடசாலைக் கதவின் திறப்பு அந்த ஊர்த் தாயின் முந்தானை முடிச்சிலே இருக்கட்டும். இந்த மண்டபத்தை விட்டுப் போகுமுன், வாசலில் உள்ள கொப்பியிலே உங்கள் பெயரையும், தரக்கூடியது நெல்லா, பணமா, நாளா என்பதையும் எழுதிச் செல்லுங்கள். கைதட்டல் எமக்கு வேண்டாம். அந்தக் கொப்பி நிரம்பினாற் போதும்.