படிக்கவா, ஊர் சுற்றவா?

(தீபாவளி ஒன்றுகூடலில் பேசியது)

"படிக்கப் போனியா, ஊர் சுற்றப் போனியா?" என்று லிஃப்டில் கேட்டீர்கள். இரண்டுக்கும்தான்! ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைப் படிப்பில் குறைந்தது இரண்டு நாடுகளில் படித்தாக வேண்டும். உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 1,400 யூரோவும் தருகிறார்கள்.

எனக்கு முதல் வருடம் ஜெர்மனி. அங்கே மாணவர் அனுமதி அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா வேண்டாம்; 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று பிராகாவுக்கு டிக்கெட் போட்டேன். அதே நாளில் தேர்வு வந்தது. பணம் போச்சு. (அப்பா, இப்போதுதான் சொல்கிறேன்.) பிறகு தேர்வு அட்டவணை வராமல் டிக்கெட்டைத் தொட்டதில்லை.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரைதான். இறுதியாண்டில் இருக்கும் பிள்ளைகள் ஞாயிறு மாலை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், விண்ணப்பக் கடிதத்தைச் சேர்ந்து எழுதலாம்.