போர்த்தொழிலும் நீர்ப்பணியும்

(காமயகவுண்டன்பட்டியில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படையினின்று மீண்டு ஊர்க்கண் வாழ்வார் பலர் நம் சங்கத்தில் உளர். அவர்தம் போர்க்கதைகளைக் கேட்டு மகிழ்கின்றோம்; பதக்கங்களைக் கண்டு பெருமிதம் கொள்கின்றோம். ஆயின், படையிற் கற்ற தொழில் ஊருக்கு எங்ஙனம் பயன்படும் என்று அவரை எவரும் கேட்பதில்லை. இவ்வினாவை முன்னிட்டே, நம் வயல்களுக்கு நீர் வரச்செய்த ஒரு படைவீரரது வாழ்க்கையை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் கர்னல் ஜான் பென்னிகுவிக் என்பார்.

இப்பள்ளத்தாக்கில் அவர் பெயரை அறியாதார் இலர். ஆண்டுதோறும் பாலார்பட்டியில் அவர் பிறந்தநாளிற் பொங்கலிட்டுப் போற்றுகின்றனர். லோயர்கேம்பில் 2013-ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது. எனினும், அணை கட்டுமுன் அவர் போர்க்களங் கண்டவர் என்பதை அறிந்தார் சிலரே.

அவர் 1841-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் புனாவிற் பிறந்தார். தந்தையாரும் படைத்தலைவரே. 1849-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் சீக்கியரோடு நிகழ்ந்த சிலியன்வாலாப் போரில் தந்தையாரும் தமையனாரும் ஒருங்கே மாண்டனர். அந்நாளிற் சிறுவருக்கு எட்டாண்டு நிரம்ப இரண்டு நாட்களே இருந்தன. போரின் கொடுமையைத் தம் வீட்டிலேயே கண்ட அவர், வளர்ந்தபின் படையிற் பொறியாளர் பகுதியைச் சேர்ந்து, 1860-ஆம் ஆண்டு சென்னை மாகாணம் வந்தனர்.

1867-68-ஆம் ஆண்டுகளில் அபிசீனியப் போர் நிகழ்ந்தது. அந்நாட்டு வேந்தர் தியோடோர் சிறைப்படுத்திய ஐரோப்பியரை மீட்டற்கு இந்தியாவினின்று நேப்பியர் தலைமையிற் பெரும்படை கடல் கடந்தது. படை இறங்கிய சூலாத் துறையிற் குடிநீர் கிட்டிற்றிலது. கப்பல்களிற் கடல்நீரைக் காய்ச்சி வடித்தே வீரர்க்கும் விலங்குகட்கும் அளித்தனர். அங்கிருந்து மக்தலாக் கோட்டைக்கு ஏறக்குறைய 400 மைல். மலைகளுக்கிடையே வழிசெய்துகொண்டே செல்லவேண்டியதாயிற்று. 1868-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. அப்போரை வெல்வித்தவை படைக்கலங்களினும் பாதையும் தண்ணீருமே எனலாம். அப்படையிற் பணிபுரிந்து பென்னிகுவிக் பதக்கம் பெற்றார்.

அப்பதக்கத்தை இன்று நினைப்பார் யாவர்? அபிசீனியப் போரைக் கேள்வியுற்றாரும் நம்மூரில் அரியர். அவர் பெயர் நின்றது பின்னர் மராமத்து இலாகாவிற் செய்த பணியால் அன்றோ?

மேற்கே ஓடிக் கடலிற் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அவர்க்கு முன்னரே இருந்தது. இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-ஆம் ஆண்டிலேயே ஆட்களை அனுப்பி இடம் பார்க்கச் செய்தார். 1808-ஆம் ஆண்டு ஆராய்ந்த கால்டுவெல் என்னும் படைப்பொறியாளர் அஃது இயலாதென்றார். 1876-78-ஆம் ஆண்டுகளின் தாதுவருடப் பஞ்சத்தின் பின்னரே அரசாங்கத்தார் விரைந்தனர். பென்னிகுவிக் வகுத்த திட்டப்படி, 1886-ஆம் ஆண்டு திருவிதாங்கூரோடு உடன்படிக்கை செய்து, 1887-ஆம் ஆண்டு தொடங்கிய வேலை, 1895-ஆம் ஆண்டு அக்டோபரில் நிறைவெய்திற்று. அணையின் நீளம் 1,200 அடி. கட்டப்பெற்றது கல்லாலும், சுண்ணாம்பாலும், சுர்க்கி என்னும் சுட்டமண் பொடியாலும் ஆம். தேங்கிய நீர் மலையைக் குடைந்த ஒரு மைலுக்குச் சற்று மிகுந்த சுரங்கவழியாக இப்பக்கம் இறங்குகின்றது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கு மூலம் அதுவே.

காடு அடர்ந்தது, மலைக்காய்ச்சல் கொடியது, தற்காலிகமாக இட்ட தடுப்பணைகளை வெள்ளம் பலகால் அடித்துச் சென்றது. சென்னைப் பயனீர் படையின் முதலாம், நான்காம் பட்டாளத்தாரும் அத்தடுப்பணை வேலையில் ஈடுபட்டனர். போர்க்கெனப் பயின்ற கைகள் நீருக்காக மண் சுமந்தன. நோய்வாய்ப்பட்டு மாண்டோர் 400-க்கு மேற்பட்டவர். அணையருகே அவர்தம் கல்லறைகள் உள்ளன. பென்னிகுவிக்குக்கு மாலையிடும்போது அவரையும் நினைத்தல் நம் கடன்.

இங்கு ஒன்று கூறவேண்டும். பென்னிகுவிக் தம் மனைவியார் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பர். அஃது அன்பிற் பிறந்த கதை. அணை சென்னை அரசாங்கத்தின் செலவிற் கட்டப்பெற்றது. அவர் தந்தது பொருளன்று. கற்ற தொழிலும் தளரா முயற்சியும். பிள்ளைகட்கு இதனையே சொல்லுக. சொத்தில்லாதவனும் பின்பற்றத்தக்க வழி இதுவேயாதலின், கட்டுக்கதையினும் உண்மை பயனுடைத்து.

1896-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபின்னும் அவர் வாளாவிருந்தாரல்லர். இங்கிலாந்திற் கூப்பர்சுஹில் பொறியியற் கல்லூரிக்கு 1899 வரை தலைவராய் இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் வகைபற்றி அறிக்கை வழங்கினார். 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் காலமானார்.

இனி நம்மை நோக்குவோம். படையிற் சேர்வார் பலர் நாற்பது வயதிற்குள்ளேயே ஓய்வூதியத்தோடு மீள்கின்றனர். ஒருவர் பாலம் கட்டக் கற்றவர். ஒருவர் எந்திரம் பழுது பார்ப்பவர். ஒருவர் காயத்திற்கு மருந்திடுபவர். அவருள் எத்தனையோ பேர் தொலைநகரங்களில் வாயிற்காவல் புரிந்து காலங்கழிக்கின்றனர். பிழைப்பிற்குச் செய்யும் தொழில் எதுவும் இழிந்ததன்று. ஆயின், கற்ற வித்தை பயனின்றிக் கிடப்பது அவர்க்கும் இழப்பு, ஊருக்கும் இழப்பு.

ஆதலின் சங்கத்தார்க்கு யாம் விண்ணப்பிப்பன மூன்று. படையினின்று மீண்டோர் பெயரோடு அவரவர் அறிந்த தொழிலையும் சங்க ஏட்டில் எழுதுக. கோடைதோறும் வாய்க்கால் தூர்வாருதலும் மதகு செப்பனிடுதலும் அவர் மேற்பார்வையில் நடைபெறுக. விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகட்குக் கைத்தொழில் கற்பிக்குமாறு அவரை அழைத்து, அதற்குரிய ஊதியமும் தருக.

மீண்டுவந்த அன்பர்களே, நீங்கள் எல்லையிற் செய்த காவலுக்கு நாடு கடப்பாடுடையது. ஊரிற் செய்யத்தக்க பணியோ இன்னும் எஞ்சியுள்ளது. உங்கள் கையறிவை ஊர் கேட்கட்டும். ஊர் கேட்குமுன் நீங்களே முன்வரின் இன்னும் நன்று.