ஏழு நாளில் எத்தனை நாள்?

 

சர்க்கரை நோயாளிகள் தம்மைத் தாமே கவனித்துக்கொள்வதை அறிய அமெரிக்காவில் 11 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று 2000இல் திருத்தி வெளியிடப்பட்டது. "ஒழுங்காக இருக்கிறீர்களா?" என்றால் எல்லோரும் "ஆமாம்" என்போம். அது அப்படிக் கேட்பதில்லை. கடந்த 7 நாளில் எத்தனை நாள் நடந்தீர்கள், எத்தனை நாள் பாதத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்கும்.

இதை வியட்நாமிய மொழிக்குக் கொண்டுபோகும்போது சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. கொழுப்பு நீக்காத பால் பொருட்களைப் பற்றி அது கேட்கிறது. அங்கே அன்றாடச் சாப்பாடு வெள்ளைச் சோறு, ஃபோ எனும் அரிசி நூடுல்ஸ் சூப். பாலைத் தொடாதவர் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். சோற்றுக் கிண்ணம் கணக்கில் வராது. ஷூவுக்குள் பார்த்தீர்களா என்ற கேள்வி, செருப்புப் போடுபவருக்கு எப்படிப் பொருந்தும்?

ஆகவே ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவார், இரண்டையும் ஒப்பிடுவார்கள். பிறகு நோயாளிகளிடமே வாசித்து, என்ன விளங்கியது என்று கேட்பார்கள்.

நமது முகாம் படிவமும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். அதில் நோன்புக் கஞ்சியும் இல்லை, வலீமா பிரியாணியும் இல்லை. திருத்தப்போகிறோம். வாசித்துக் காட்டும்போது விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். உம்மாவுக்குப் பதிலாகப் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டாம். மரத்துப்போன காலில் புண் வந்தால் வலிக்காது, பார்த்தால்தான் தெரியும்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதன் கணக்கை உண்மையாகச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.