கணினியை அணைக்கும் முறைமை

மாலை வேளை. காரியாலயத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கடைசியாக எழும் எழுதுவினைஞர், தம் லினக்ஸ் கணினியை மூடும்படி பணித்துவிட்டுக் குடையுடன் காத்து நிற்கிறார். திரையோ அணைந்தபாடில்லை. சேவைக் கணினி பதிலளிக்கவில்லை என்றொரு வரியும், அருகே ஓடும் விநாடிக் கணக்குமே தெரிகின்றன. பொறுமையிழந்த அவர் மின்பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார். மறுநாட் காலையில், திறந்தபடி விட்ட கணக்குக் கோப்பிலே, பிற்பகலிற் பதிந்தவற்றுட் சில காணப்படவில்லை.

இதற்குக் காரணம் யாது? அந்தக் கோப்பு அவர் மேசையிலுள்ள கணினியில் இருப்பதன்று. வேறோர் அறையிலுள்ள சேவைக் கணினியில் இருப்பது. இவ்வாறு தொலைவிலுள்ள கோப்பைத் தன்னுடையதுபோற் கையாளும் முறைகளுள் ஒன்றாகிய என்.எப்.எஸ்., 1984ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாயிற்று.

எழுதியவை யாவும் அக்கணமே சேவைக் கணினியைச் சென்றடைவதில்லை. சில, சற்று நேரம் உள்ளூர் நினைவகத்தில் தங்கியே செல்லும். ஆதலின் விடைபெறுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் நிரல்கள் கோப்புகளை மூட வேண்டும். பின்னர் எஞ்சியவை அனுப்பப்பட்டுப் பகிர்வு விடுவிக்கப்பட வேண்டும். அதன் பின்னரே வலையமைப்பு ஓய வேண்டும். தோணியிலிருந்து சரக்கு இறங்குமுன் கயிற்றை அவிழ்த்தால் நேர்வதே, இவ்வொழுங்கு தவறும்போதும் நேர்கிறது.

2010ஆம் ஆண்டில் வெளிவந்த சிஸ்டம்டி என்னும் மேலாண்மை நிரல், தொடங்கிய வரிசைக்கு நேர்மாறான வரிசையிலே பணிகளை நிறுத்துகிறது. ஒரு பணி நிற்க மறுத்தால், பெரும்பாலும் 90 விநாடி பொறுத்திருக்கும். எனினும், வலையமைப்பைச் சார்ந்த பகிர்வு இதுவென்று அதற்குத் தெரியாவிடின் வரிசை பிறழும். என்.எப்.எஸ். போன்ற பெயர்பெற்ற வகைகளை அது தானே அறியும். ஏனையவற்றுக்கு, எப்ஸ்டாப் என்னும் அமைப்புக் கோப்பின் உரிய வரியில் நெட்டெவ் என்ற குறிப்பைச் சேர்த்தல் வேண்டும்.

கம்பியில்லா இணைப்பில் இன்னொரு சிக்கலுண்டு. அவ்விணைப்பு ஒரு பயனருக்கு மட்டுமே உரியதாக அமைக்கப்பட்டிருந்தால், அவர் வெளியேறியதும் இணைப்பும் அறுந்துவிடலாம். பகிர்வோ இன்னும் விடுவிக்கப்படாமல் இருக்கும். அதனை எல்லாப் பயனருக்கும் பொதுவான இணைப்பாக மாற்றிவிடுதல் நன்று.

குறையைத் தேடுபவர் ஊகத்தை நம்புதலாகாது. மறுமுறை இயக்கியதும், முந்திய அமர்வின் பதிவேட்டைப் படித்தல் வேண்டும். வலையமைப்பு நின்ற நேரம் முந்தியதா, பகிர்வு விடுபட்ட நேரம் முந்தியதா என்று ஒப்பிட்டால் உண்மை துலங்கும். வலையமைப்பே முந்தி நின்றிருந்தால் குற்றம் வரிசையிலே. வலையமைப்பு இயங்கிக்கொண்டிருக்கவே பகிர்வு விடுபடாதிருந்தால், ஏதோ ஒரு நிரல் கோப்பைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அல்லது சேவைக் கணினியையே யாரோ முன்னதாக அணைத்துவிட்டனர். பின்னதற்கு எந்த அமைப்பு வரியும் மருந்தாகாது. மேசைக் கணினிகள் யாவும் ஓய்ந்த பின்னரே சேவைக் கணினி ஓய வேண்டும் என்பதைக் காரியாலய வழக்கமாக்குவதே வழி.

அந்த எழுதுவினைஞர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. கோப்பைச் சேமித்து, நிரலை மூடி, அதன்பின் கணினியை அணைத்தல். அதற்குச் செலவாவது ஒரு நிமிடம். காப்பாற்றப்படுவது ஒரு பிற்பகலின் உழைப்பு.