“வீட்டுல விடுவாங்களா?”

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலிருந்தும் வெங்காய வேலை, முந்திரி வேலை எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்கீங்க. இதுல எத்தனை பேர் வீட்டுல கேட்டுட்டு வந்தீங்க? நானும் ஒரு காலத்தில் கேட்டுட்டுத்தான் வருவேன்.

‘அனுமதி’ என்பது எழுத்தில் இருக்கிற வார்த்தை. நம்ம வாயில வர்றது ‘விடுறது’. “வீட்டுல விடுவாங்களா?”, “அவரு விட்டா வர்றேன்.” கட்டிப்போட்ட மாட்டைத்தான் அவிழ்த்து விடுவாங்க. அந்தச் சொல்லை நாமளே நமக்குச் சொல்லிக்கிறோம்.

எங்கே போறேன்னு சொல்லிட்டுப் போவது மரியாதை. அது ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. போகட்டுமான்னு கேட்டு நிற்பது வேற.

அனுமதி என்றால் ஒருத்தர் கொடுப்பது. கொடுத்தவர் நாளைக்கே வேண்டாம்னும் சொல்லலாம். உரிமை அப்படி இல்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை நடக்குது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நாம் அதன் உறுப்பினர். அங்கே போய்ப் பேச யாரும் நம்மை ‘விட’ வேண்டியதில்லை. சொத்தும் அப்படித்தான். “அண்ணன் பார்த்துக் கொடுத்தா வாங்கிக்கலாம்” என்கிறோம். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அப்போது, முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது.

அப்படியானால் அனுமதியே வேண்டாமா? வேண்டும். நம்ம குழுவில் கடன் கொடுக்கணும்னா கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுறோம். தலைவியானாலும் தன்னிஷ்டத்துக்குப் பணம் எடுக்க முடியாது. அந்த அனுமதி எல்லாருக்கும் ஒண்ணு. கேட்பவளும் நாளைக்குக் கொடுப்பவள்.

கடைசியா என் தப்பு ஒண்ணைச் சொல்றேன். போன வருஷம் என் மருமகள், “தையல் பயிற்சிக்குப் போகட்டுமா அத்தை?” என்று கேட்டாள். “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பயிற்சி ஆரம்பிச்சுட்டாங்க. அவள் ஒண்ணும் பேசலை. இருபது வருஷம் முன்னாடி வாசல்ல நின்ன நான்தான் அவள் முகத்துல தெரிஞ்சேன்.

இந்த வருஷம் அவள் கேட்கலை. “போயிட்டு வர்றேன் அத்தை” என்றாள். நான் குழந்தையை வாங்கிக்கிட்டேன்.