மாத்திரையைப் பற்றி அவரிடமே கேளுங்கள்



எரிகோ சாலையோரம் அமர்ந்திருந்த பர்த்திமேயு கூவி அழைத்தபோது, சுற்றியிருந்தவர்கள் அவரைப் பேசாதிருக்கும்படி அதட்டினார்கள். இயேசுவோ நின்றார், அவரை அழைத்து, அவருடைய விருப்பம் என்னவென்று கேட்டார். பார்வையற்ற ஒருவருக்கு என்ன தேவை என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

மனநல மருத்துவமனையில் இருப்பவரிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மாத்திரை போட்டாயா?" அந்த மாத்திரை அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்டால் சொல்வார்கள். "காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன, சாமி, இப்போது தூங்குகிறேன்" என்பார் ஒருவர். "கை நடுங்குகிறது, நாலு பேர் முன்னால் டம்ளரைப் பிடிக்க வெட்கமாக இருக்கிறது" என்பார் இன்னொருவர். உடம்பு பெருத்துவிட்டது, வாய் உலர்கிறது, செபமாலையில் இரண்டாம் மறைபொருளுக்குள் கண் சொருகிவிடுகிறது என்பவர்களும் உண்டு. பலருக்கு நன்றியும் கசப்பும் ஒரே நெஞ்சில்தான் இருக்கின்றன.

1952இல் பாரிஸ் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதுமுதல் வந்த மருந்துகளால் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள். மருந்தும் கடவுளின் கொடையே என்று சீராக் நூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. ஆகவே, "செபம் போதும், மாத்திரையை நிறுத்து" என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம்.

ஆனால் கை நடுக்கமும் உண்மைதான். அதைச் சொல்பவரை, "இது நோய் பேசுகிற பேச்சு" என்று ஒதுக்கிவிட்டால், அவர் மாத்திரையை நாக்கின் அடியில் ஒளித்துப் பிறகு துப்பிவிடக்கூடும். சோற்றில் கலந்து கொடுத்தாலோ, தெரியவரும் நாளில் சோற்றின் மீதே நம்பிக்கை போய்விடும். மருத்துவரிடம் சொன்னால், அவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். பக்கவிளைவுகளை அறிந்துகொள்ளும் உரிமையை நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே நோயாளருக்குத் தந்திருக்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலோ அன்பியத்திலோ இப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, தம் குறையை அவரே சொல்லத் துணையாக நில்லுங்கள். பர்த்திமேயுவின் குரலுக்காக நின்ற ஆண்டவர், நம்மையும் நின்று கேட்பவர்களாக மாற்றுவாராக. ஆமென்.