நமக்குப் பின் நம் குடும்பம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சொத்துப் பங்கீட்டை வல்ல அல்லாஹ் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தில் வகுத்துத் தந்துவிட்டான். எனவே நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. வாரிசுகளின் பங்கை மார்க்கம் நிர்ணயித்துவிட்டது. பங்கு கிடைக்காத உறவினரையும், கிடைத்த பங்கைக் காத்துக்கொள்ள இயலாத சிறுவர்களையும் கவனிக்கும் பொறுப்பை அது நம் வாழ்நாளிலேயே நம்மிடம் ஒப்படைத்துள்ளது.

ஒருவர் மறைந்தால் அவர் விட்டுச்சென்றதிலிருந்து முதலில் அடக்கச் செலவும், அடுத்து கடனும், பின்னர் வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட வேண்டும். எஞ்சியதே வாரிசுகளுக்கு உரியது. மனைவிக்குச் செலுத்தப்படாத மஹரும் கடனே என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

வஸிய்யத்தின் வரம்பு மூன்றில் ஒரு பங்கு. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது அதற்கு மேல் வழங்க அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. வாரிசாக இருப்பவருக்கு வஸிய்யத் செய்தால், ஏனைய வாரிசுகள் சம்மதித்தால் மட்டுமே அது செல்லும். ஆகவே இந்த மூன்றில் ஒரு பங்கு, வாரிசு அல்லாத நம் உறவினருக்கும் நற்பணிகளுக்கும் உரிய வாசல்.

அந்த வாசலில் முதலில் நிற்பவர்கள் யார்? தந்தையை இழந்த நம் பேரப்பிள்ளைகள். ஒருவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். மற்றொரு மகன் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடன் போக எஞ்சியது 36 லட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒரு பங்காக நாலரை லட்சம்; மகனுக்கு 21 லட்சம்; மகளுக்குப் பத்தரை லட்சம். இறந்த மகனின் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. உயிரோடிருக்கும் மகன் அவர்களை மறைத்துவிடுகிறார். பாட்டனார் வஸிய்யத் எழுதியிருந்தால் அவர்களுக்கு 12 லட்சம் வரை கிடைத்திருக்கும். அவர்களுடைய தந்தை உயிரோடிருந்திருந்தால் அவர் பெற்றிருக்கும் பங்கு 12 லட்சத்து 60 ஆயிரம். ஏறக்குறைய அதே தொகை! எகிப்து நாடு 1946இல் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்குக் கட்டாய வஸிய்யத்தைச் சட்டமாக்கியது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. எனவே அந்த எத்தீம்களின் எதிர்காலம் நம் ஒரு தாளில் இருக்கிறது.

அடுத்து, சிறு பிள்ளைகளின் சொத்து. தந்தை இறந்தபின் மைனர் பிள்ளைகளின் சொத்துக்குத் தாய் தானாகவே காப்பாளர் ஆவதில்லை. தந்தை தம் வஸிய்யத்தில் அவரை நியமித்திருந்தால் அவர் நிர்வகிக்கலாம். இல்லையேல் நீதிமன்றம் செல்ல நேரிடும். வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்கள் இதனைக் கட்டாயம் சிந்திக்க வேண்டும். சகோதரருக்கு எழுதிக் கொடுத்த பவர் பத்திரமும் எழுதிக் கொடுத்தவர் மறைந்ததும் பொதுவாகச் செயலற்றுப் போகும்.

மூன்றாவது, ஹிபா. வாழ்நாளில் கொடுக்கும் அன்பளிப்பு இது. கொடுப்பவர் அறிவிக்க வேண்டும். பெறுபவர் ஏற்க வேண்டும். சொத்து அவர் கைவசம் ஒப்படைக்கப்பட வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வீட்டை வாயளவில் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைத் தந்தையின் பெயரிலேயே வைத்திருந்தால், பிற்காலத்தில் உடன்பிறந்தோரிடையே வழக்கு மூளும். ஹிபாவைப் பதிவு செய்து பட்டாவையும் மாற்றிக் கொடுப்பதே அறிவுடைமை. பிள்ளைகளிடையே நீதி தவறிய அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்ததையும் நினைவில் கொள்வோம். மரண நோயில் கொடுக்கும் ஹிபாவுக்கும் மூன்றில் ஒரு பங்கு வரம்பு உண்டு.

நான்காவது, குடும்ப வக்ஃபு எனப்படும் வக்ஃபு அலல் அவ்லாத். சொத்தை விற்க இயலாதவாறு நிறுத்தி, வருமானத்தைச் சந்ததியினருக்கும், சந்ததி அற்றுப்போனால் அறப்பணிக்கும் உரியதாக்குவது இது. 1894இல் பிரிவி கவுன்சில் இத்தகைய வக்ஃபு செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஜின்னா கொண்டுவந்த மசோதாவின் பயனாக 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீட்டுத் தந்தது. 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டத்தின்படி எழுத்துப் பத்திரம் இன்றி வக்ஃபு செய்ய இயலாது. பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமையைக் குடும்ப வக்ஃபினால் பறிக்கவும் இயலாது. வக்ஃபு செய்தபின் திரும்பப் பெற வழியில்லை என்பதால் நன்கு ஆராய்ந்தே செய்ய வேண்டும்.

இறுதியாக, பெண் மக்களின் பங்கு. நஞ்சை, புஞ்சை நிலங்களில் பெண்களுக்குப் பங்கில்லை என்று இன்றும் சிலர் வாதிடுகின்றனர். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மையே. ஆனால் 1949ஆம் ஆண்டுச் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. அதற்குப் பின்னும் சகோதரியின் பங்கை மறுப்பதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

அன்பிற்குரியவர்களே! வாய்மொழி வஸிய்யத்தும் செல்லும் என்றாலும் அதனை நிரூபிப்பது எளிதன்று. எனவே கொடுக்கல் வாங்கல், மஹர், சொத்து விவரம், காப்பாளர் பெயர் ஆகியவற்றை எழுதி, இரு சாட்சிகளுடன் கையொப்பமிட்டு வைப்போம். வங்கியில் நாமினியாகக் குறிப்பிடப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே அன்றி, அதன் முழு உரிமையாளர் அல்லர் என்பதையும் வீட்டாருக்கு விளக்கி வைப்போம். ஆலிம் ஒருவரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் கலந்து, அடுத்த பொதுக்குழுவுக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இந்தத் தாள் எழுதப்பட்டிருக்கட்டும்.

நம் சந்ததியினர் ஒருவர் உரிமையை ஒருவர் பறிக்காமல், உறவைப் பேணி வாழ வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.